எடுப்பான நிறம்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை நம் மூத்த குமாரி கையிலிருந்த செல்பேசியை நம் முன் நீட்டி, "அப்பா, நான் இலையுதிர் காலமாம்!" என்றாள். பதினெட்டு வயசுப் பெண் இப்படிச் சொன்னால் எந்தத் தகப்பனுக்குத்தான் வயிற்றைக் கலக்காது? விசாரித்ததில், பயப்படும்படியான சமாசாரம் இல்லை என்று தெரிந்தது. முகத்தைப் படம் பிடித்துக் காட்டினால், இன்ன நிறத் துணி பொருந்தும், இன்னது பொருந்தாது என்று சொல்லும் யந்திர ஜோசியம் ஒன்று இப்போது உலாவுகிறது. தென் கொரியாவில் இதற்கென்றே கட்டணம் வாங்கும் நிலையங்கள் இருக்கின்றன. நம் குமாரிக்கு மாம்பழ மஞ்சளும் அரக்கும் ஆகும். வெளிர் ரோஜாவும் இள நீலமும் ஆகவே ஆகாது என்பது தீர்ப்பு.

தீர்ப்பை வாசித்துவிட்டு அவள் நம்மை ஒரு பார்வை பார்த்தாள். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

இந்த ஜோசியத்துக்கும் ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. பாரிஸ் நகரத்துக் கோப்லான் நெசவுச் சாலையில் 1824-ஆம் வருஷம் செவ்ரூல் என்ற ரசாயன நிபுணர் சாயப் பகுதிக்குத் தலைவரானார். அங்கே தோய்த்த கறுப்பு நூல் சோபையற்றுத் தெரிகிறது என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்து, சாயத்தின்மேல் குற்றமில்லை, பக்கத்திலிருந்த நிறந்தான் அப்படிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்தார். ஒரு நிறத்தின் அருகே மற்றொன்று வந்தால் இரண்டுமே மாறித் தோன்றும் என்பதை 1839-ல் பெரிய புத்தகமாகவே எழுதி வெளியிட்டார். எந்த மேனிக்கு எந்த உடை என்கிற ஆராய்ச்சியும் அதில் உண்டு. முகமும் ஒரு நிறந்தானே? சிவப்புக்குப் பக்கத்தில் பச்சையை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் கொடுக்கும். காஞ்சிபுரத்து நெசவாளி புடவை உடலுக்கு எதிர் நிறத்தில் கரை கோத்துக் காட்டுவது இந்த வித்தைதான். அவர் பாரிஸ் போய்ப் படித்து வந்தவரல்ல.

பின்னால் இட்டன் என்ற ஸ்விட்ஜர்லாந்து ஓவிய ஆசிரியர், தம் மாணாக்கர்கள் தாங்களாக இணைத்த வர்ணங்களில் அவரவர் முகச்சாயலே இருப்பதைக் கவனித்தார். 1980-ல் அமெரிக்காவில் கரோல் ஜாக்ஸன் என்ற அம்மையார் எழுதிய புத்தகம் மனிதர்களை வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று நான்கு வகுப்பாகப் பிரித்து வீடுதோறும் பரப்பியது. இந்த ஏற்பாட்டில் கருங்கூந்தலும் கருவிழியும் உள்ளவர்கள் பெரும்பாலும் குளிர்காலத்தில் போய்ச் சேருவார்கள். அதாவது, உலகத்தில் பாதிப் பேருக்கு மேல் 'டி' பிரிவு! எந்தத் தலைமை ஆசிரியரும் இப்படி வகுப்புப் பிரிக்கமாட்டார். பின்னால் வந்தவர்கள் நாலைப் பன்னிரண்டாக்கினார்கள். வருஷத்தை ஆறு பருவமாகப் பிரித்து வைத்திருந்த நம்மை யாரும் கலந்துகொள்ளவில்லை.

நிற்க, அந்தப் பார்வைக்கு வருவோம். நமக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் கறுப்பு, இளையவள் சிவப்பு. வெள்ளையாயிருப்பவரைச் 'சிவப்பு' என்றும், கறுப்பாயிருப்பவரைக் கறுப்பு என்று சொல்ல வாய் கூசி 'மாநிறம்' என்றும் சொல்லுகிற பாஷை நம்முடையது. 1975-ல் கடைக்கு வந்த சிவப்பழகுக் களிம்பு ஒன்று, தன் பெயரிலிருந்த வெண்மையை 2020-ல்தான் கைவிட்டது.

பத்து வருஷத்துக்கு முந்திய ஒரு தீபாவளிக்கு இளையவளுக்கு அரக்குப் பட்டில் பாவாடை எடுத்தோம். மூத்தவள், "எனக்கும் அதே மாதிரி வேணும்" என்று கேட்டாள். நாம், "உன் நிறத்துக்கு அது எடுக்காதம்மா" என்று சொல்லி, வெளிர் ரோஜாவில் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அவள் அழவில்லை. தங்கையின் பாவாடையை இரண்டு தரம் தடவிப் பார்த்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு எந்தப் பண்டிகைக்கும் இந்த நிறம் வேண்டும் என்று கேட்டதில்லை. அவள் அலமாரியில் இன்று இருப்பதெல்லாம் ரோஜா, சந்தனம், இள நீலம்.

வெளிர் நிறம் கறுப்பை மறைக்கும் என்பது நம் எண்ணம். செவ்ரூல் கணக்குப்படி நடப்பது இதற்கு நேர் விரோதம். வெண்மைக்கு அருகில் கருமை இன்னும் கறுத்துத் தோன்றுமே ஒழியக் குறையாது. கணக்கு கிடக்கட்டும், மறைக்க வேண்டும் என்று நாம் நினைத்ததுதான் எட்டு வயசுக் குழந்தைக்குப் புரிந்துவிட்டது. கார்மேக வண்ணனான கண்ணனுக்கு நம் முன்னோர் பளிச்சென்ற பீதாம்பரத்தைத்தான் உடுத்திப் பார்த்தார்கள். அந்தக் கண்ணன் படத்தை நடுக்கூடத்தில் மாட்டி வைத்துக்கொண்டே நாம் இந்தக் காரியம் செய்தோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புடவை எடுக்கப் போனோம். சகோதரியும் உடன் வந்திருந்தாள். கடைப் பையன் மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட புடவையை எடுத்துக் குமாரியின் தோள்மேல் போட்டுக் கண்ணாடியைக் காட்டினான். உள்ளே ஒரே மின்விளக்கு மயம். விளக்கில் ஒன்றாய்த் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் வேறு வேறாய்ப் போவதுண்டு என்பதால், அவளை வாசலுக்கு அழைத்து வந்தோம். சூரிய வெளிச்சத்தில் அவள் முகம் தெளிந்து, கண்கள் பளபளத்தன.

"என்ன அண்ணா, இவள் நிறத்துக்கு இந்த மஞ்சளா? இன்னும் கறுப்பாகக் காட்டுமே!" என்றாள் சகோதரி.

"காட்டட்டும், அத்தை. நான் கறுப்புத்தானே!" என்றாள் குமாரி.

சகோதரி நம் முகத்தைப் பார்த்தாள். நாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரொம்ப எடுப்பாக இருக்கிறதம்மா" என்றோம்.

"யந்திரம் சொன்னதற்காகச் சொல்கிறீர்களா, அப்பா?"

பணம் கட்டுகிற இடம் எங்கே என்று கடைப் பையனை விசாரித்தோம்.