அழுத்தியும் அசையாத பக்கம்



கடந்த சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு என் மேசைக் கணினியின் முன் அமர்ந்து, திரையிலிருந்த ஒரு சிறிய கட்டத்தை இருபது முறையாவது மவுஸினால் அழுத்தியிருப்பேன். அது அசையவில்லை.

நம் சபையில் பீடி சுற்றிக் குடும்பத்தைத் தாங்கும் ஒரு விதவைத் தாய் இருக்கிறார். அவருடைய மகள் கல்லூரிப் படிப்புக்காக ஓர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தாள். அதனோடு போதகரின் பரிந்துரைக் கடிதமும் இணையவழியாய்ச் சேரவேண்டும். கடைசி நாள் அந்தச் சனிக்கிழமை, இரவு 12 மணி. இணைய முகவரியை அந்தப் பிள்ளை தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதித் தந்து மூன்று வாரங்களாகியிருந்தன. அந்தத் தாள் என் வேதாகமத்துக்குள்ளேயே இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆராதனை முடிந்ததும் தாய் வாசலண்டையில் நின்று, "ஐயா, அந்தக் கடிதம்..." என்றார். மூன்று முறையும் நான், "அனுப்பிவிடலாம்மா, ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்றேன். இருவரிடமும் அனுமதி பெற்றுத்தான் இதை எழுதுகிறேன்.

பக்கம் திறந்தது. மேலும் கீழும் நன்றாக உருண்டது. எந்தக் கட்டத்துக்குள்ளும் நுழையத்தான் முடியவில்லை. மவுஸின்மேல் பழியைப் போட்டேன். பேட்டரியை மாற்றினேன். சபை அலுவலகத்திலிருந்த பழைய வயர் மவுஸை எடுத்துவந்து மாட்டினேன். பிரவுசரை மூடித் திறந்தேன். கணினியையே அணைத்து உயிர்ப்பித்தேன். பிரசங்கம் தட்டச்சு செய்த கோப்பிலோ அதே மவுஸ் சொன்னபடி கேட்டது. பிரவுசரில் மட்டும் ஊமையாயிற்று. மணி பதினொன்று.

வேறு வழியின்றி, ஆராதனையில் கீபோர்டு வாசிக்கும் தம்பியை அழைத்தேன். கணினித் துறையில் வேலை பார்ப்பவர். தூக்கக் கலக்கத்திலும் சலித்துக்கொள்ளவில்லை.

"ஐயா, மேலே முகவரி எழுதுகிற பட்டையைக் கிளிக் செய்தால் வேலை செய்கிறதா?"

செய்தது.

"பக்கத்திலுள்ள பொத்தான்மேல் அம்பைக் கொண்டுபோங்கள். கை உருவமாக மாறுகிறதா?"

மாறவில்லை.

"இப்போது மவுஸை விட்டுவிட்டு, கீபோர்டில் டேப் விசையை அழுத்துங்கள்."

அழுத்தினேன். முதல் கட்டத்தைச் சுற்றி ஒரு கோடு தோன்றியது. மறுபடி அழுத்த, அடுத்த கட்டத்துக்குத் தாவியது.

"அப்படியானால் பக்கம் உறைந்துவிடவில்லை ஐயா. உயிரோடுதான் இருக்கிறது. அதன்மேல் ஏதோ விரிந்து கிடக்கிறது. அது என்னவென்று பிறகு பார்ப்போம், முதலில் கடிதம் போகட்டும்."

டேப் விசையால் ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து நிரப்பினேன். உறுதிமொழிக் கட்டத்தில் டிக் போட ஸ்பேஸ் விசை. கோப்பை இணைக்கும் பொத்தானில் என்டர் தட்டியதும் தனிச் சாளரம் ஒன்று திறந்தது. அது பக்கத்துக்கு வெளியே உள்ளதாம், அதில் மவுஸ் வேலை செய்தது. இறுதியாகச் சப்மிட் பொத்தானுக்கு வந்து என்டரைத் தட்டியபோது மணி 11:38.

பிறகு காரணத்தைத் தேடினோம். கண்ட்ரோல், ஷிஃப்ட், என் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தச் சொன்னார். இன்காக்னிட்டோ என்ற சாளரம் திறந்தது. அதில் எல்லாப் பக்கங்களிலும் கிளிக் வேலை செய்தது. பிரவுசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன்கள், நாமாக அனுமதித்தாலொழிய, அந்தச் சாளரத்தில் இயங்குவதில்லை. ஆகவே குற்றவாளி அவற்றுள் ஒன்றே என்றார். என்னிடம் ஏழு இருந்தன! ஐந்தை எப்போது சேர்த்தேன் என்பதே நினைவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்தி, பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தோம். நான்காவதை நிறுத்தியதும் அம்பு கையாக மாறியது.

அது எதுவென்று சொல்ல வெட்கப்படுகிறேன். கிரேக்கச் சொல்லின்மேல் அம்பை வைத்தால் அதன் பொருளைக் காட்டும் அகராதி. வேத ஆராய்ச்சிக்கென்றே சென்ற ஆண்டு சேர்த்தது. பொருளைக் காட்டுவதற்காக அது பக்கத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விரிக்கிறது. வேலை முடிந்ததும் சுருட்டிக்கொள்ள வேண்டும். தானாகப் புதுப்பித்துக்கொண்டபோது ஏதோ பிழை நேர்ந்து, சுருட்டாமல் விட்டிருக்கும் என்றார் தம்பி. என் கிளிக்குகள் ஒன்றும் தொலைந்துபோகவில்லை. எல்லாம் அந்தப் படலத்தின்மேல் விழுந்து அங்கேயே நின்றுவிட்டன. எல்லா இணையதளங்களிலும் உள்ளதைப் படிக்கவும் மாற்றவும் அதற்கு அனுமதி தந்தவனும் நானே. வாசிக்காமல் தந்தேன்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. கடைசியாக அந்த அகராதியைத் திறந்தது லூக்கா 18-ஆம் அதிகாரத்துக்காக. விதவையும் அநீதியுள்ள நியாயாதிபதியும். அவள் ஓயாமல் வந்து தன்னை அலைக்கழிப்பாள் என்று அந்த நியாயாதிபதி சொல்லும் இடத்தில், கிரேக்கத்தில் ஹூபோபியாஸோ என்ற சொல் வருகிறது. கண்ணுக்குக் கீழே குத்துவது என்பது அதன் நேர்ப்பொருள், குத்துச்சண்டைக்காரரின் சொல். பவுலும் 1 கொரிந்தியர் 9:27-இல் தன் சரீரத்தைக் குறித்து இதே சொல்லை எழுதுகிறார். இதையெல்லாம் குறிப்பேட்டில் அழகாக எழுதி வைத்திருந்தேன். இத்தனை ஆண்டு ஊழியத்தில் இப்பகுதியை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் விதவையின் பக்கத்தில் நின்றுகொண்டு. சோர்ந்துபோகாமல் ஜெபியுங்கள் என்று உங்களுக்குச் சொன்னேன். நியாயாதிபதியின் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருமுறையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்த மூன்று வாரங்களில் நான் சோம்பியிருக்கவில்லை. கன்வென்ஷன் ஆயத்தம், கட்டடக் கமிட்டி, இரண்டு திருமணங்கள், இந்தப் பக்கத்துக்கான எழுத்து. ஒன்றும் தவறான காரியமல்ல. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பக்கம் நன்றாகத்தான் உருண்டுகொண்டிருந்தது. "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்ற சொல்லைக்கூட ஒரு படலமாக நான் விரித்துக்கொண்டேனோ என்று அந்த இரவில் பயந்தேன். ஜெபத்தைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாய் என்னிடம் கேட்டது கடிதம்.

மறுநாள் வாசலண்டையில் அவரைக் கண்டதும் நானே முந்திக்கொண்டு, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போனார். "ஐயோ, என்ன ஐயா இது, நீங்கள் போய்... அதெல்லாம் வந்துவிட்டது ஐயா. கடிதம் கிடைத்தது என்று ராத்திரியே பிள்ளையின் போனுக்கு மெசேஜ் வந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் படுத்தோம்."

நள்ளிரவுவரை அந்த வீட்டிலும் விளக்கு எரிந்திருக்கிறது. நான் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இருவரும் ஒரு போனைப் பார்த்தபடி விழித்திருந்திருக்கிறார்கள்.

அந்த அகராதியை நீக்கிவிட்டேன். ஏழில் இப்போது இரண்டே உள்ளன. வேதாகமத்துக்குள் வேறு தாள்கள் இருக்கின்றனவா என்று தேடியபோது இன்னும் மூன்று கிடைத்தன. ஒன்று வீடு ஜெபத்துக்கு வரச்சொல்லி, ஒன்று ஞானஸ்நானச் சான்றிதழுக்காக, மூன்றாவதில் ஒரு பெயரும் "பேசவேண்டும் ஐயா" என்ற இரண்டு சொற்களும் மட்டும். எழுதித் தந்தவர் இதை வாசிக்கிறீர்களானால், வருகிற திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டில் இருங்கள். நான் வருகிறேன்.