இரணைமடு நீர் போகும் வழி

தெற்கில் இருந்து கண்டி வீதியால் கிளிநொச்சிக்கு வருபவர்கள் நகரத்தை அடையும் முன் இரணைமடுச் சந்தியைக் கடக்க வேண்டும். பஸ் அங்கே ஒரு நிமிடம் நிற்கும். யாராவது இறங்குவார்கள், யாராவது ஏறுவார்கள். சந்தியில் இறங்கி, கிழக்கே திரும்பும் வீதியால் போய்ப் பாருங்கள். மரங்களுக்கு மேலாக நீண்டதொரு மண்மேடு தெரியும். அதுதான் அணைக்கட்டு. கனகாம்பிகை அம்மனைக் கும்பிட்டுவிட்டு அதன் மேல் ஏறி நின்றால் ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்.

சின்ன வயதில் இந்தக் குளம் கடலைப் போலத் தானாகவே உண்டானது என்றுதான் நான் நினைத்திருந்தேன். எங்களுடைய ஊரும் ஆதிகாலம் தொட்டு இருந்த ஊர் என்றே நினைத்தேன். அம்மம்மாதான் ஒருநாள் சொன்னார், "நாங்கள் வரேக்கை இஞ்சை ஒண்டும் இல்லை மோனை. காடும் ஒரு நம்பர்க்கல்லும்தான்."

அந்த நம்பர்க்கல்லின் கதையைத்தான் இம்மாதம் எழுதுகிறேன். இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, மீண்டும் வேலி அடைத்த எமக்கு இந்தக் கதை பழங்கதை அல்ல.

ஆறும் குளமும்

வவுனியா மாவட்டத்தின் வடபகுதியில் தொடங்கும் கனகராயன் ஆறு, மாங்குளம் பக்கமாக வடக்கே வந்து, கடைசியில் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் கலக்கிறது. வருடம் முழுவதும் ஓடும் ஆறு அல்ல இது. ஐப்பசி தொடக்கம் தை வரை மழை பெய்தால் பாயும். பின்னர் மணலாகக் கிடக்கும். ஆகவே மாரியில் வருவதை மறித்து வைத்தால்தான் கோடையில் பயிர் உண்டு. வன்னியின் குளங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படைக் கணக்கு இதுதான்.

'இரணை' என்றால் இரட்டை. 'மடு' என்றால் ஆழமான நீர்நிலை. இரண்டு மடுக்கள் சேர்ந்த இடம் என்பதால் இந்தப் பெயர் வந்தது என்பர். இங்கே பெரிய குளம் அமைக்கும் எண்ணம் 19 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே ஆங்கில அரசின் நீர்ப்பாசனப் பொறியியலாளர்களுக்கு இருந்தது. 1902 இல் வேலை தொடங்கியது. முடிய ஏறக்குறைய 20 வருடங்கள் சென்றன. பின்னர் 1950களிலும் 1970களிலும் அணை உயர்த்தப்பட்டது. போருக்குப் பின் நடந்த புனரமைப்பு 2018 இல் முடிந்தபோது நீர்மட்டம் 34 அடியில் இருந்து 36 அடியாகக் கூடியது. இப்போது இக்குளம் 1 இலட்சம் ஏக்கர் அடிக்கு மேல் நீர் கொள்ளும். ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு ஏக்கர் அடி. அப்படி 1 இலட்சம் ஏக்கர் என்று எண்ணிப் பாருங்கள்.

குளத்தில் இருந்து இரண்டு பெரிய வாய்க்கால்கள் புறப்படுகின்றன. இடதுகரை வாய்க்கால் திருவையாறு, கிளிநொச்சி, உருத்திரபுரம் பக்கம் போகிறது. வலதுகரை வாய்க்கால் வட்டக்கச்சி, முரசுமோட்டைப் பக்கம் போகிறது. இவற்றில் இருந்து கிளை வாய்க்கால், அதில் இருந்து வயல் வாய்க்கால். இலையின் நரம்பு போல இந்த நீர் பிரிந்து போகும் வழியில்தான் எமது ஊர்கள் அமைந்தன.

கோடு கீறி அமைத்த ஊர்

வன்னி ஒருபோதும் வெறுநிலமாக இருக்கவில்லை. பூநகரி, கண்டாவளை, அக்கராயன் போன்றவை பழைய ஊர்கள். உருத்திரபுரத்துச் சிவன் கோவிலும் பழமையானது. ஆனாலும் இரணைமடுவின் கீழே சனம் குறைவு. காடும் மலேரியாவும் அதிகம். குடாநாட்டிலோ நிலைமை மாறானது. அங்கே காணியைப் பரப்பில் அளப்பார்கள். 16 பரப்புச் சேர்ந்தால் ஒரு ஏக்கர். சீதனத்தாலும் முதுசத்தாலும் துண்டு துண்டாகி, இரண்டு பரப்பை நாலு பிள்ளைகள் பங்கிடும் நிலை வந்தது.

1935 இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அரச காணியைத் துண்டுகளாகப் பிரித்து, காணி இல்லாதவர்களுக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுக்க வழிசெய்த சட்டம் அது. நாங்கள் 'பேமிற்' என்று சொல்வது அந்தப் பத்திரத்தைத்தான். அடுத்த வருடமே, 1936 இல், கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. காணிக் கச்சேரி வைத்து ஆட்களைத் தெரிந்தார்கள். நில அளவையாளர்கள் காட்டுக்குள் சங்கிலி பிடித்து அளந்து கல் நாட்டினார்கள். ஊருக்குப் பெயர் வரும் முன்னர் இலக்கம் வந்தது. இன்றும் எமது பகுதியில் 'இத்தனையாம் யூனிற்', 'இத்தனையாம் வாய்க்கால்' என்று விலாசம் சொல்வது அதனால்தான்.

இப்படிக் கோடு கீறி ஊர் அமைத்தது இங்கே மட்டும் அல்ல. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் 1785 ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலத்தை ஆறு மைல் நீளம், ஆறு மைல் அகலம் கொண்ட சதுரங்களாக வெட்டினார்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு ஊர்ப்பிரிவு. அதற்குள் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டுகள். 16 ஆம் இலக்கத் துண்டு பள்ளிக்கூடத்துக்கு என ஒதுக்கப்பட்டது. அந்த நிலத்தில் முன்பே வாழ்ந்த பூர்வீக மக்கள் துரத்தப்பட்டார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 1862 இல் வந்த இன்னொரு சட்டம், ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் வரை கொடுத்தது. அந்தச் சட்டத்தில் ஒரு விடயம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. விதவைகளும் திருமணமாகாத பெண்களும் தமது சொந்தப் பெயரிலேயே காணி கேட்கலாம் என்று அதில் இருந்தது. கணவன் உள்ள பெண்ணுக்குப் பெரும்பாலும் அந்த உரிமை இல்லை.

எமது பேமிற்றில் யாருடைய பெயர் இருந்தது?

காடு வெட்டியவர்கள்

என் அம்மம்மா 1950களில் தீவுப்பகுதியில் இருந்து வட்டக்கச்சிக்கு வந்தார். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. கிடைத்தது மூன்று ஏக்கர் வயலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியும். தாத்தா மரம் தறித்தார். வேர் பிடுங்கியது, பற்றை எரித்தது, கல் பொறுக்கியது எல்லாம் அம்மம்மா. இரவில் யானைக்கும் பன்றிக்கும் பந்தம் கொளுத்தியதும் அவர்தான். மலேரியாக் காய்ச்சலோடு நடுங்கிக்கொண்டே நாற்று நட்டதாகச் சொல்லுவார். 1940களின் பிற்பகுதியில் டி.டி.ரி. மருந்து அடிக்கத் தொடங்கிய பின்னரே மலேரியா குறையத் தொடங்கியது. இலங்கை முழுவதும் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2016 இல்.

எல்லோரும் ஒரே காரணத்துக்காக இங்கே வரவில்லை. 1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்தில் இருந்தும் தெற்கில் இருந்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அவர்களில் பலர் மற்றவர்களின் வயலில் கூலி வேலை செய்து, பற்றைக் காட்டைத் துப்புரவாக்கிக் குடிசை போட்டார்கள். அவர்களுக்குப் பேமிற்றே இல்லை. இன்னொரு பக்கம், விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டங்கள் வந்தன. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது அந்தச் செம்மண் காணிகள் பொன்னாக விளைந்தன. மிளகாய்ப் பழம் ஆய்ந்து கை எரிந்த பெண்களின் உழைப்பு அந்தப் பொன்னுக்குள் இருக்கிறது.

அதுவரை யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்த கிளிநொச்சி 1984 இல் தனி மாவட்டமானது. 50 வருடத்துக்குள் காடு மாவட்டமாகிவிட்டது.

தண்ணீருக்கும் முறை உண்டு

காலபோகத்துக்கு மழையும் துணை வரும். சிறுபோகத்துக்குக் குளம் மட்டுமே. குளத்தின் கீழ் இருக்கும் 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏக்கர் வயலும் ஒரே கோடையில் விளைய நீர் போதாது. எனவே இருக்கும் நீரைப் பார்த்து, பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானித்துப் பங்கு பிரிப்பார்கள். யாழ்ப்பாணத்துக்கு இங்கிருந்து குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கமக்காரர்கள் எதிர்த்ததற்கும் இதுவே காரணம். தாகம் அங்கேயும் உண்மை, பயிர் இங்கேயும் உண்மை. பின்னர் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைக்கப்பட்டு 2024 இல் இயங்கத் தொடங்கியது.

வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவருக்குக் கவலை குறைவு. கடைவாய்க்காலில் உள்ளவருக்கு நீர் வந்து சேரும் போது வாய்க்காலின் அடி தெரியும். பரந்தன் தாண்டி வடக்கே போகப் போக நிலத்தில் உவரும் ஏறும். நீர்முறை நள்ளிரவில் வந்தால் நள்ளிரவில்தான் போக வேண்டும். முன்பு ஆண்கள் மண்வெட்டியும் ரோச்சுமாகப் போனார்கள். இன்று எத்தனையோ வீடுகளில் பெண்களே போகிறார்கள். தனியே போகப் பயந்து இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போய், ஒருவர் வயலுக்குக் கட்டி முடித்து அடுத்தவர் வயலுக்கு நடக்கிறார்கள்.

பொலித்தீன் பையில் ஒரு கடதாசி

1996 இல் ஊரை விட்டோம். திரும்பி வந்தோம். 2008 இன் பிற்பகுதியில் மீண்டும் விட்டோம். தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே கிழக்கே போன பாதை உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு இடத்திலும் சுமை குறைந்தது. அம்மா கடைசிவரை விடாதது ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ்களும் தாத்தாவிடம் இருந்து அப்பாவின் பெயருக்கு மாறிய பேமிற்றும் இருந்தன. 2009 இல் அப்பா இறந்தார். அண்ணா எங்கே என்று தெரியவில்லை.

முகாமில் இருந்து 2010 இல் ஊர் திரும்பி, காணி விடயமாக அம்மாவும் நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அப்பா பின்னுரித்தாளராக எவரையும் பதிந்திருக்கவில்லை. அங்கிருந்தவர் பத்திரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அம்மா, நீங்கள் இருக்கும்வரை ஆளலாம். உங்களுக்குப் பிறகு மூத்த ஆண்பிள்ளைக்குத்தான் போகும். அவர் எங்கே?"

அம்மா அமைதியாகச் சொன்னார், "அவனைத்தான் தம்பி நானும் தேடுறன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. சட்டம் அப்படித்தான் இருந்தது. பின்னுரித்தாளர் பதியப்படாவிட்டால் மனைவிக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை. அதன்பின் உறவுமுறைப் பட்டியலில் மகளுக்கு முன் மகன். காடு வெட்டிய அம்மம்மாவின் பெயரோ, 30 வருடம் நாற்று நட்ட அம்மாவின் பெயரோ அந்தக் கடதாசியில் இல்லை.

1935 இல் எழுதப்பட்ட அந்த ஒழுங்கு 2022 இல் திருத்தப்பட்டது. பின்னுரித்துப் பட்டியலில் இருந்த ஆண், பெண் பேதம் நீக்கப்பட்டது. 87 வருடம் சென்றது. ஆனாலும் சட்டம் மாறினால் மட்டும் பத்திரத்தில் பெயர் தானாக ஏறிவிடாது.

ஆகவே சகோதரிகளே, உங்கள் காணியின் பேமிற் அல்லது அளிப்புப் பத்திரம் யாருடைய பெயரில் உள்ளது என்று பாருங்கள். பின்னுரித்தாளர் பதியப்பட்டிருக்கிறாரா என்று கேளுங்கள். உரியவர் உயிரோடு இருக்கும்போதே பதிவது நல்லது. பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்குப் போய், காணிப் பேரேட்டில் உங்கள் துண்டின் இலக்கம் உள்ளதா என்று விசாரியுங்கள். கணவர் காணாமற்போயிருந்து, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்களுக்காக, காணாமற்போயிருப்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றை 2016 இன் சட்டத் திருத்தம் ஏற்படுத்தியது. அதைப் பெறுவதும் விடுவதும் அவரவர் மனம். பெற்றால் தேடுதலைக் கைவிட்டோம் என்று பொருள் இல்லை. கமக்கார அமைப்பின் கூட்டத்துக்கும் போங்கள். தண்ணீர் பங்கிடப்படுவது அங்கேதான்.

அம்மா இப்போது வயலுக்குப் போவது குறைவு. போன சிறுபோகத்தில் எங்கள் பங்குக்கு நீர் விட்ட இரவு, நானும் பக்கத்து வயல் அக்காவும்தான் போனோம். வரம்பில் நின்று வெளிச்சம் அடித்தபோது மூலையில் அம்மம்மா சொன்ன அந்த நம்பர்க்கல் தெரிந்தது. இலக்கம் பாதி அழிந்திருந்தது. சேற்றைத் துடைத்து வாசித்தேன். எங்கள் பேமிற்றில் உள்ள அதே இலக்கம். பிறகு மடை திறந்தோம். விடியும் வரை தண்ணீர் வந்தது.