கணினித் திரையில் பகடை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வானொலியைத் திறந்தாலே, 'தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளில்' என்னும் தொடர் காதில் விழும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டில் இம்மூன்றும் சேர்ந்து ஒரே உட்பிரிவு. ஆட்சி வரைபடமோ வேறு கதை சொல்கிறது. கிழக்கே கடலும் ஏனைய திசைகளில் தமிழக மண்ணும் சூழ்ந்திருந்தும் காரைக்கால் தமிழ்நாட்டில் அடங்காது. அதற்கு உடன்பிறப்புகள் புதுச்சேரி, கேரளத்தை ஒட்டிய மாகி, கோதாவரிக் கரையிலுள்ள ஏனாம் ஆகியவை. இவ்வூரில் கணிதம் கற்பிக்கும் எனக்குக் கணவியலைத் தொடங்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவைப்பட்டதில்லை. உறுப்புகள் அருகருகே இருக்கவேண்டும் என்பதில்லை. எந்த விதியால் தொகுக்கிறோம் என்பதே கேள்வி.

பயிற்சிக்குப் பைத்தான் என்னும் கணினிமொழியைக் கொண்டோம். அது கட்டணமின்றிக் கிடைப்பது; மாறிகளுக்குத் தமிழிலேயே பெயரிட இடந்தருவது. நெளிவு அடைப்புக்குறிக்குள் ஊர்ப்பெயர்களை இட்டு 'வானிலை', 'ஆட்சி' என இரு கணங்கள் அமைத்தோம். இடையில் '&' குறியிட்டால் வெட்டு: காரைக்காலும் புதுச்சேரியும் வந்தன. '|' குறியிட்டால் சேர்ப்பு: மூன்றும் நான்கும் ஏழாகாமல் ஐந்தாயின. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் பெயர்களின் வரிசை மாறுகிறதே என்று மாணவர்கள் குறைபட்டுக்கொண்டனர். கணத்துக்கு வரிசை கிடையாது என்பதை நான் சொல்லுமுன் கணினியே சொல்லிவிட்டது.

அடுத்து நிகழ்தகவு. பிரெஞ்சுக்காரர்களான பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் சூதாட்டக் கேள்விகளைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்தே இத்துறை வளர்ந்தது. சரியாக 300 ஆண்டுகள் கழித்து, 1954இல், காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆயினும் வகுப்பில் சொல்லச் சுவையான பொருத்தம்.

அக்காலப் புதிர் ஒன்று: ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையேனும் ஆறு விழுமா? ஒரு முறையும் விழாமைக்கான நிகழ்தகவு 625/1296. ஆகவே விழுவதற்கானது 671/1296, ஏறத்தாழ 0.518. இரு பகடைகளைச் சேர்த்து 24 முறை உருட்டி இரட்டை ஆறு எதிர்பார்த்தாலோ 0.491தான். முன்னதில் பந்தயம் கட்டியவன் நெடுநாளில் வெல்வான், பின்னதில் தோற்பான். கையால் நூறு ஆட்டம் ஆடினாலும் இந்த நுண்ணிய வேறுபாடு தெரியாது. கணினியில் நூறு ஆட்டத்துக்கு ஒருவருக்கு 0.46 வந்தது, அடுத்தவருக்கு 0.57. ஒரு இலட்சம் ஆட்டத்துக்கு எல்லோர் திரையிலும் 0.52ஐ ஒட்டியே நின்றது.

மீனவக் குடும்பத்து மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, மூன்று நாள் வலை வெறுமையாக வந்தால் நான்காம் நாள் கட்டாயம் நிறையும் என்பார் அப்பா. அது சரியா?" நாணயத்தைச் சோதித்துப் பார்க்கச் சொன்னேன். இலட்சம் சுண்டல்களில், தொடர்ந்து ஐந்து முறை பூ விழுந்த இடங்களை மட்டும் பொறுக்கி, அடுத்து வந்ததை எண்ணினார். தலை பாதி, பூ பாதி. நாணயத்துக்கு நினைவில்லை. ஆனால் கடல் நாணயமன்று. நீரோட்டமும் பருவமும் நேற்றையதை இன்றோடு பிணைக்கின்றன. ஆகவே அவருடைய தந்தையின் சொல்லை நாணயத்தைக் காட்டி ஒதுக்கவும் முடியாது.

அவர் அத்துடன் விடவில்லை. "புயல் எச்சரிக்கையை மீறி மூன்று முறை போய்த் திரும்பியவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள், ஐயா." மூன்று என்பது எவ்வளவு சிறிய எண் என்பதை அவர் திரையிலேயே பார்த்திருந்தார். பத்தில் ஒரு பங்கு ஆபத்து உள்ள பயணத்தில் மூன்று முறையும் தப்புவதற்கான நிகழ்தகவு 0.729 என்று தாமே பெருக்கிச் சொன்னார். நான்காம் முறையும் ஆபத்து அதே பத்தில் ஒன்றுதான் என்றார். வகுப்பு சற்று அமைதியாயிற்று.

இப்போது அவரிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. எச்சரிக்கை வந்த நாள்கள் ஒரு கணம், படகு சென்ற நாள்கள் ஒரு கணம், வலை நிறைந்த நாள்கள் ஒரு கணம். வெட்டுக் கணங்களைக் கணினியில் இட்டுப் பார்க்க நாற்பது நாள் போதுமா என்று சென்ற வாரம் கேட்டார். போதாது என்றேன்.