தனிவட்டி நடத்திய டீச்சருக்கு இரண்டு கால்குலேட்டர்கள் சொன்ன பாடம்

பதிவு கொஞ்சம் நீளம். கடன் வாங்கப் போகிறவர்கள் அவசியம் படியுங்கள்.

போன பௌர்ணமிக்கு மறுநாள் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். இப்போது நம் ஊரில்தான் ஆட்டோ ஓட்டுகிறான். சொந்த ஆட்டோ வாங்க 1 லட்சம் குறைகிறதாம். ஓரிடத்தில் 12 சதவீதம், இன்னோரிடத்தில் 15 சதவீதம். "12-லயே வாங்கிடறேன் டீச்சர். நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியே போட்டுப் பார்த்தேன், கரெக்டா வருது" என்றான். 1 லட்சம், 3 வருடம், 12 சதவீதம். வட்டி 36,000. மாதம் 3,778 ரூபாய் டியூ. நானும் தலையாட்டிவிட்டேன்.

அண்ணன் மகன் சிஎப்ஏ பரீட்சைக்குப் படிக்க இங்கே வந்திருந்தான். "அத்தை, இருங்க" என்று இரண்டு கால்குலேட்டர்களைக் கொண்டுவந்தான். அந்தப் பரீட்சையில் இந்த இரண்டு வகைக்கு மட்டும்தான் அனுமதியாம். ஒன்று அண்ணன் துபாயில் இருந்தபோது வாங்கிய பழைய எச்பி-12சி. 1981-இல் வந்த மாடல், இன்றும் விற்கிறது. அதில் சமக்குறி பட்டனே கிடையாது! 2 தட்டி, என்டர் தட்டி, 3 தட்டி, கடைசியில்தான் கூட்டல் குறி. மற்றது டெக்சாஸ் நிறுவனத்தின் பிஏ 2 பிளஸ். அதில் நாம் பழகிய மாதிரியே தட்டலாம்.

நம் கடைகளில் உள்ள 12 இலக்க கால்குலேட்டர் கூட்டிப் பெருக்கும், ஜிடி தட்டினால் மொத்தம் காட்டும். ஆனால் டியூவை வைத்து வட்டி வீதத்தைக் கண்டுபிடிக்க அதில் பட்டன் இல்லை. இவை இரண்டிலும் மாதம் 36, கடன் 1 லட்சம், டியூ 3,778 (கழித்தல் குறியுடன்) கொடுத்து வட்டியைக் கேட்டால் போதும். பிஏ 2 பிளஸ் சட்டென்று சொன்னது. பழைய எச்பி 'ரன்னிங்' என்று மினுக்கி மினுக்கி, சில விநாடி யோசித்து, மாதத்துக்கு 1.77 என்றது. புது எச்பி பல மடங்கு வேகமாம். வேகம் எதுவானாலும் விடை ஒன்றுதான்: வருடத்துக்கு சுமார் 21.2 சதவீதம்!

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம் எளிது. முதல் மாதம் 1 லட்சம் பாக்கி, வட்டி 1,000. கடைசி மாதம் சில ஆயிரம்தான் பாக்கி, அப்போதும் வட்டி அதே 1,000. இதுதான் 'பிளாட்' வட்டி. அந்த 15 சதவீதக் கடனோ, குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி. அதில் டியூ 3,467. மூன்று வருடத்தில் சுமார் 11,200 ரூபாய் மிச்சம்.

தனிவட்டிச் சூத்திரம் தப்பில்லை. முழு அசலும் கடைசிவரை கையில் இருந்தால்தான் அது பொருந்தும். இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிய நான் அந்த ஒரு வரியைச் சொல்லவே இல்லை. இன்று சொல்கிறேன்.

விசேஷ கால்குலேட்டர் வாங்க வேண்டாம். "பிளாட்டா, குறையும் பாக்கிக்கா?" என்று கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்த வருட வட்டி வீதத்தை (ஏபிஆர்) நமக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கிக்கும் நிதி நிறுவனத்துக்கும் அது பொருந்தும். அந்தத் தாளை வாங்கிப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

அவன் 15 சதவீதத்திலேயே வாங்கிவிட்டான். நேற்று வாசலில் புது ஆட்டோ. "முதல் சவாரி நீங்கதான் டீச்சர்" என்றான். கோயிலுக்குப் போய்வந்தேன். காசு வாங்க மாட்டேன் என்றான், வலுக்கட்டாயமாகக் கொடுத்தேன்.

எல்லோரும் நலமாக இருங்கள். அண்ணாமலையார் துணை.