சாவியின் சாட்சி

திறவுகோல் என்னும் நல்ல தமிழ்ச் சொல் இருக்கவும், போர்த்துகீசியரோடு வந்த 'சாவி' என்பதே நம் நாவில் நிலைத்துவிட்டதென்று எம் வகுப்பிலே குறைகூறுவதுண்டு. எம் பெரிய தந்தையாரின் காருக்கு நேர்ந்ததைக் கண்டபின், இக்காலத்துக் கார்ச் சாவியைத் திறவுகோல் என்பது பொருந்துமோ என்னும் ஐயம் எமக்கு எழுந்துள்ளது. என்னை? அது திறப்பது சிறிது. சாட்சி சொல்வதே பெரிது.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென்மாவட்டங்களைச் சூழ்ந்த பெருமழையை நேயர்கள் மறந்திரார். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடியில் வாழும் எம் பெரியம்மையார் சிறுநீரக நோயினர்; வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்ல வேண்டியவர். மழையென்று நோய் காத்திருக்குமோ? பெரிய தந்தையார் தம் பழைய ஸ்கோடா ஆக்டேவியா டீசல் காரிலே அவரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பாதி வழியில் வெள்ளம் உயர, எஞ்சின் காற்றோடு நீரையும் உறிஞ்சிவிட்டது. காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க இயலாது. மேலேறிய பிஸ்டன் நீரில் முட்ட, கனெக்டிங் ராடு வளைந்தது. அயலார் படகு கொண்டுவந்து இருவரையும் மீட்டனர்.

அவ்வெஞ்சினைச் செப்பனிடுவதினும் வேறொன்று வாங்குவதே மலிவென்று மெக்கானிக் கூறினார். மதுரைக் காயலான் கடை ஒன்றிலே, பின்புறம் மோதி நசுங்கிய அதே வகைக் காரின் எஞ்சின் கிடைத்தது. அக்காரின் எஞ்சின் கணினியையும் உடன் வாங்க வேண்டியதாயிற்று. இவ்வகைக் காரில் அக்கணினி முன்கண்ணாடிக்குக் கீழே, மழைநீர் வடியும் பள்ளத்தினுள் அமைந்திருப்பது. அது நனைந்து கெட்டிருந்தது. நீர் ஓடும் வழியிலே மூளையை வைத்த பொறியாளரின் உள்ளக்கருத்தை யாம் அறியோம்.

எஞ்சினைப் பொருத்திச் சாவியைத் திருப்பிய அன்று யாமும் அங்கிருந்தோம். எஞ்சின் முழங்கி எழுந்தது. பெரியம்மையார் கைகூப்பினார். இரண்டு நொடிக்குள் அது அடங்கிவிட்டது. மும்முறை முயன்றும் அங்ஙனமே. எம் கண்ணுக்கு இஃது எண்ணெய்க் குறையாகவே தோன்றியது. மெக்கானிக்கோ மீட்டர் போர்டிலே மின்னிய சிறு விளக்கொன்றைச் சுட்டி, "அண்ணாச்சி, எஞ்சினில் குறையில்லை. வண்டி இதனைத் திருட்டு எஞ்சின் என்று எண்ணுகிறது" என்றார்.

அவர் விளக்கியதும் பின்னர் யாம் படித்தறிந்ததும் இவை. வெட்டிய உலோகத்தைப் போலச் செய்தல் எளிதாதலின், சாவிக்கு வேறோர் அடையாளம் வேண்டுமென்று கார் செய்வோர் எண்ணினர். 1986-இல் அமெரிக்கக் கார்வெட் காரின் சாவியிலே சிறு மின்தடை ஒன்றைப் பதித்தனர். அதற்குப் பதினைந்தே வகை மதிப்புகள் இருந்தமையால், பொறுமையுள்ள கள்வன் ஒவ்வொன்றாய் முயன்று வெல்லலாம். பின்வந்த சாவிகளின் தலையிலோ நெல்மணியிற் சற்றே நீண்ட கண்ணாடிக் குழல் உண்டு. அதற்கு மின்கலம் வேண்டா. சாவித் துவாரத்தைச் சூழ்ந்த கம்பிச் சுருள் எழுப்பும் மின்காந்தப் புலமே அதற்கு உயிரூட்டும். ஒவ்வொரு முறையும் புதியதோர் எண்ணைக் கொடுத்துக் கார் வினவும். சாவி தன்னுள் மறைந்திருக்கும் இரகசியத்தோடு அவ்வெண்ணைக் கலந்து கணக்கிட்டு விடை கூறும். விடை வெளிவரும், இரகசியம் வெளிவராது.

கம்பனைக் கற்போர்க்கு இது புதிதன்று. இராமன் அனுமனிடம் கணையாழியை மட்டும் கொடுத்தனுப்பினானோ? தானும் சீதையும் மட்டுமே அறிந்த செய்திகளையும் சொல்லியன்றோ விடுத்தான்! ஆழியைக் கள்வனும் கொண்டுவரலாம். அந்தரங்கத்தை அவன் எங்ஙனம் அறிவான்?

ஆக்டேவியாவில் இவ்வந்தரங்கத்தை அறிந்தோர் மூவர்: சாவி, மீட்டர் போர்டு, எஞ்சின் கணினி. சாவியை மீட்டர் போர்டு வினவும். எஞ்சின் கணினியும் மீட்டர் போர்டும் தமக்குள் ஒத்துக்கொள்ளும். ஒத்திராவிடில் எரிபொருள் நிற்கும். பழைய கணினி பிழைத்திருந்தால் எந்த எஞ்சினைப் பொருத்தினும் கார் ஓடியிருக்கும். இரும்புக்கு நினைவில்லை; நினைவுடையது அச்சிறு பெட்டியே.

இனிச் செய்யத்தக்கது யாது? மெக்கானிக் எளிய வழியொன்றைக் காட்டினார். நசுங்கிய காரின் மீட்டர் போர்டையும் அதன் சாவியிலுள்ள கண்ணாடிக் குழலையும் எடுத்து இங்கே பொருத்திவிட்டால், பழகிய மூவரும் ஒன்றுகூடிவிடுவர்; ஒரே நாளில் வேலை முடியும். "இன்னொரு நன்மையும் உண்டு, அண்ணாச்சி; அந்த மீட்டர் எண்பதாயிரம் கிலோமீட்டர் குறைத்துக் காட்டும்" என்று சொல்லி நகைத்தார்.

பெரிய தந்தையார் நகைக்கவில்லை. அவ்வாரங்களில் மருத்துவமனைக்கு வாடகைக் கார் வைத்தே அவர் கை வறண்டிருந்தது. ஒரு நாளில் முடியும் வேலையின் அருமை அவரினும் அறிந்தார் யாவர்? சற்று நேரம் மீட்டரையே பார்த்திருந்துவிட்டு, "நாளை இதை வாங்குகிறவனுக்கு நான் என்ன சொல்ல, தம்பி? நம் மீட்டரே இருக்கட்டும்" என்றார்.

எனவே நெடுவழியே வழியாயிற்று. அயற்காரின் கணினியை இக்காரோடு இணைக்க இரண்டு குறியெண்கள் வேண்டும்: அக்கணினி விட்டுவந்த காரின் எண் ஒன்று, அது புகுந்த காரின் எண் மற்றொன்று. தவறான எண்ணை அடுத்தடுத்து இட்டால் கணினி சிலபொழுது கதவடைத்துக்கொள்ளும். தம் காரின் எண்ணைக் கேட்டுப் பெரிய தந்தையார் பதிவுச் சான்றோடு விற்பனையாளரிடம் சென்றார். எண்ணைத் தருவதற்கில்லை, காரை இழுத்துவந்தால் தாமே செய்து தருவோம் என்று அவர்கள் சொன்ன தொகை எஞ்சின் விலையில் மூன்றிலொன்று.

பூட்டை யாம் பழிக்கவில்லை. பிரிட்டனில் 1998 முதலும் கனடாவில் 2007 முதலும் புதுக் கார்களுக்கு இத்தகைய தடையைக் கட்டாயமாக்கியது காரணமின்றியன்று. எனினும் கள்வனிடமிருந்து காக்கும் இரகசியத்தை உடையவனிடமிருந்தும் காப்பது முறையோ? மறைப்பதனால் மட்டும் பூட்டு வலிதாவதுமில்லை. வோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்கள் உட்படப் பலவற்றில் இருந்த மெகாமோஸ் கிரிப்டோ என்னும் சாவி முறையின் குறைகளை ஆராய்ச்சியாளர் மூவர் கண்டறிந்தபோது, 2013-இல் இலண்டன் உயர்நீதிமன்றம் அவர்தம் கட்டுரையைத் தடுத்தது. 2015-இல் அஃது ஒரு வாக்கியம் நீங்கலாக வெளிவந்தது. இரண்டாண்டுகள் மறைந்திருந்தது கட்டுரையே; குறை அங்கேயேதான் இருந்தது.

முடிவில் மதுரையில் மின்னணுப் பழுது நீக்குவோர் ஒருவர், கணினியையும் மீட்டர் போர்டையும் திறந்து, நினைவுச் சில்லுகளிலிருந்து இரண்டு எண்களையும் படித்துக் கொடுத்தார். பெரிய தந்தையாரின் சான்றையும் காயலான் கடைச் சீட்டையும் பார்த்த பின்னரே அவர் கருவியைத் தொட்டார் என்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

எண்கள் கிடைத்தபின்னும் ஒரு வாரம் காத்திருந்தோம். சாவிகளைப் புதிதாகப் பதியும்போது, உள்ளவை அனைத்தும் ஒரே அமர்வில் வருகை தர வேண்டும். வாராத சாவியின் பெயர் ஏட்டிலிருந்து நீங்கிவிடும். அது கதவைத் திறக்கும், துவாரத்தில் திரும்பவும் செய்யும். எஞ்சின் மட்டும் நில்லாது. இரண்டாம் சாவியோ பெங்களூரில் எம் அண்ணனிடம் இருந்தது. கூரியரில் அது வந்து சேர்ந்த மாலையில் ஸ்கேனரை இணைத்து, சாவிகள் இரண்டென்று குறித்து, முதலாவதைத் திருப்பினர்; விளக்கு அணைந்தது. இரண்டாவதும் அங்ஙனமே. எஞ்சின் எழுந்தது, இரண்டு நொடி கடந்தது, பத்து நொடி கடந்தது. பெரியம்மையார் இம்முறை கைகூப்பாமல், முன்னிருக்கையில் ஏறி அமர்ந்துகொண்டார்.

மோட்டார் வாகனச் சட்டப்படி புதிய எஞ்சின் எண்ணைப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டிய வேலை எஞ்சியிருந்தது. அதற்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு மறுநாள் காரிலேயே சென்றோம். குறியெண்கள் இரண்டும் எழுதிய தாளைப் பெரிய தந்தையார் வீட்டுப் பத்திரங்களோடு வைத்துப் பூட்டியிருக்கிறார்.