மே பூவுக்குப் பிப்ரவரிக் கணக்கு

பிப்ரவரி 8, ஊட்டி
மலர்க்காட்சி மே மாதம். அந்த வாரம் எங்கள் காந்தல் வீட்டு வாசல் பாத்தியும் பூத்திருக்க வேண்டும். பெட்டூனியாவும் சால்வியாவும் விதைத்துப் பூக்க 12 வாரம். ஊட்டிக் குளிருக்கு மேலும் இரண்டு. ஆகவே இன்றே விதைப்பு. பெட்டூனியா விதை கிராமுக்குச் சுமார் 10,000 நிற்கும். அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும் என்று சலித்த மணலோடு கலந்து தூவினேன். மேலே மண் போடவில்லை; வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். தட்டுகள் ஜன்னலோரம்.

பிப்ரவரி 11
நேற்று மாலை பால்காரர் வானத்தைப் பார்த்து, "துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. ராத்திரி உறைபனி விழும் பாருங்க" என்றார். விழுந்தது. வராந்தாச் சுவர் வெப்பமானியில் 4 டிகிரி; புல்லோ வெள்ளை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடுகிறது. கனத்த குளிர்காற்று எங்கள் பள்ளத்தில் தேங்குகிறது. செடி படும் குளிர் தரையோரக் குளிர், சுவரில் தெரிவதல்ல. தாவரவியல் பூங்காவில் செய்வதுபோல் கோத்தகிரி மிலார் செடிகளைப் போட்டு மூடிய பிகோனியா தப்பியது. வெளியே நீட்டியிருந்த ஒரே இலை வெயில் ஏறியதும் கறுத்துத் துவண்டது. உறையும்போது பனிக்கட்டி செல்லின் நீரை இழுத்துக்கொள்கிறது. பிறகு நிமிர வழியில்லை.

மார்ச் 9
நாற்றுகளைக் குழித்தட்டுக்கு மாற்றினேன். இலையைப் பிடித்து, ஐஸ்குச்சியால் வேரோடு நெம்பி எடுக்க வேண்டும். இலை போனால் இன்னொன்று வரும். தண்டு நசுங்கினால் தீர்ந்தது. தண்ணீர் காலையில் மட்டும். இரவெல்லாம் ஈரம் நின்றால் நாற்றழுகல் பிடிக்கும். மேரிகோல்டுக்கு நாள் குறைவு. அதை இன்றுதான் விதைத்தேன்.

ஏப்ரல் 3
போன வாரம் முழுக்கத் தட்டுகள் பகலில் வெளியே, இரவில் உள்ளே. விடியலில் புல்லைத் தடவினால் ஈரம் மட்டும்தான். இன்று நட்டுவிட்டேன். சால்வியா நுனியைக் கிள்ளும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தாங்கவில்லை: "பூ வர்ற நேரத்துல கிள்றீங்களே அக்கா!" ஏப்ரல் பூவை விட்டுக்கொடுத்தால்தான் பக்கக்கிளை வெடித்து மே மாதம் கதிர் கூடும்.

மே 5
மதியம் கோடைமழையோடு ஆலங்கட்டி. பெட்டூனியா இதழெல்லாம் கிழிசல், மேரிகோல்டு அசையவில்லை. கிழிந்த பூக்களை அடியிலுள்ள சூற்பையோடு கிள்ளிப் போட்டேன். விதை பிடித்துவிட்டால் பூப்பது குறைந்துவிடும். மொட்டு நிறைய இருக்கிறது, காட்சிக்குள் தேறிவிடும்.

செப்டம்பர் சீசனுக்கு ஜூனில் விதைக்க வேண்டும். அப்போது எதிரி பனியல்ல, தென்மேற்கு மழை. தட்டுகளுக்குப் பாலித்தீன் கூரை போட இப்போதே ஆளிடம் சொல்லிவைக்கணும்.