அடி வாங்கினால்தான் எகிறும்!

இந்தத் தடவையும் பிரமோஷன் லிஸ்ட்டில் என் பெயர் இல்லை. ‘அடுத்த தடவை பார்க்கலாம்யா’ என்றார் மேனேஜர். இது மூன்றாவது ‘அடுத்த தடவை’! அப்பாவிடம் எப்படிச் சொல்வது? ராத்திரி தூக்கம் வராமல் செல்போனை நோண்டினால்... ஸ்குவாஷ் மேட்ச்! கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு ஜப்பான் பெண் சுவரைப் போட்டுச் சாத்திக்கொண்டிருந்தார். பெயர் சடோமி வாட்டனபே. 1999-ல் யோகோஹாமாவில் பிறந்தவர்.

கதையைத் தேடிப் படித்தேன். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் புதிதாகச் சேர்க்க 2015-ல் எட்டு ஆட்டங்களைப் பரிசீலித்தார்கள். ஐந்து உள்ளே. ஸ்குவாஷ் அவுட்! 2021-ல் போட்டிகள் நடந்தன. பேஸ்பால் ஃபைனல் யோகோஹாமாவிலேயே. சொந்த ஊரில் கல்யாணம், இவருக்குப் பத்திரிகை இல்லை!

நானாக இருந்தால் மட்டையைப் பரண்மேல் போட்டிருப்பேன். அம்மணி ஆடிக்கொண்டே இருந்தார். 2025-ல் உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள்! ஸ்குவாஷுக்கும் 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ஸில் இடம் கொடுத்துவிட்டார்கள்.

ஸ்குவாஷ் பந்து ஒரு விநோதப் பிறவி. ஜில்லென்று இருந்தால் எகிறாது, தொப்பென்று விழும். அதனால் மேட்ச்சுக்கு முன் இரண்டு பேருமாக அதை அடி அடியென்று அடித்துச் சூடேற்றுவார்கள். அப்புறம்தான் ஆட்டமே!

மறுநாள் மேனேஜர் இன்னொரு ஃபைலை என் தலையில் கட்டினார். “என்னய்யா சிரிக்கிறே?”

“ஒண்ணுமில்லே சார்... வார்ம்-அப்!”